முழங்கைக்கு நாலு விரல் கீழே

மதினியின் பேரை இதில் எழுதப்போவதில்லை. பேர் தெரியாமல் இல்லை. ஆனால் எங்கள் தெருவில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் வேறு யாரையோ என்று நினைத்து அவரே திரும்பிப் பார்த்திருக்க மாட்டார். ரத்த உறவு இல்லை, கூப்பிட்ட முறைதான்: எனக்கு மதினி, உங்கள் அம்மாவுக்கு அக்கா, தெருவுக்கு மாடிவீட்டு டைப்பிஸ்ட் அம்மா. நீங்கள் இப்போது பார்த்தால் பெரியம்மா என்று சொல்ல வேண்டும். பெரியவளே, உனக்கு அப்போது நாலு வயது. அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் டக்டக்கென்று இறங்குவாய், அது மட்டும் நினைவிருக்கலாம். சின்னவனே, நீ கைக்குழந்தை. உனக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆள் குள்ளம். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும், ஆசாரிகள் வைத்திருக்கிற பட்டைப் பென்சில். தாலுகா ஆபீசுக்கும் அதோடேயே போய்விடுவார். அவருடைய வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலை பார்த்தார். மகன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படித்தான். மதினி மட்டும் மாற்றல் வருகிற ஊருக்கெல்லாம் தனியாகப் போய், வாடகை வீடு பிடித்து, அந்த வீட்டில் எது ஆடுகிறதோ, எது உரசுகிறதோ, எது இல்லையோ, அதையெல்லாம் தானே சரிசெய்துகொண்டு இருந்துவிடுவார். அப்படித்தான் சங்கரன்கோவிலுக்கு வந்தார். எங்கள் தலைக்கு மேலே மாடி வீடு அவருக்கு.

வந்த அன்றைக்கு லாரியிலிருந்து முதலில் இறங்கியது கட்டிலும் இல்லை, பீரோவும் இல்லை. மடக்கிக் கட்டிய இரண்டு மரச் சட்டங்கள். விரித்தால் நாலு காலோடு நிற்கும். மரம் அறுக்கிறவர்கள் அதைக் குதிரை என்பார்கள். இரண்டைச் சேர்த்து நிறுத்தி, மேலே ஒரு பலகையைப் போட்டால் வேலை செய்ய மேஜை. வேலை முடிந்தால் பலகையை எடுத்துவிட்டு மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிடலாம். மதினியுடைய குதிரைகளில் மேலே கீல் அடித்து, கால்கள் அளவுக்கு மேல் விரியாமல் இருக்கக் குறுக்கே நைலான் கயிறு கட்டியிருந்தது. கால்கள் சிலவற்றின் அடியில் பிளைவுட் துண்டு ஒட்டு வைத்திருந்தது. ஏதோ உடைந்ததை ஒட்டியிருக்கிறார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் மொட்டைமாடியில் ரம்பச் சத்தம் கேட்கும். தெரு முழுக்கத் தறிச் சத்தம் கேட்கிற ஊரில் அது ஒரு சத்தமா? ஆனாலும் வீட்டுச் சொந்தக்காரர் அண்ணாச்சிக்குப் பொறுக்காது. தன் சுவரில் ஒரு ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லித்தான் அவர் வீடே கொடுப்பார். கீழே நின்று மேலே பார்த்துக் கத்துவார்.

"என்னம்மா, மேல தேரு செய்தியளா? ஆடித்தபசுக்குள்ள முடிஞ்சிருமா?"

"முடிஞ்சிரும் அண்ணாச்சி. இழுக்கத்தான் ஆளு வேணும். நீங்க வாரியளா?"

"என் சுவத்துல ஆணி மட்டும் அடிச்சிராதிய தாயி!"

"சுவத்துல எவன் அடிப்பான்? அடிச்சா உதிந்துல்லா விழும் உங்க பூச்சு!"

அண்ணாச்சி உள்ளே போய்விடுவார். ஆணியே இல்லாமல் சுவரில் சாய்ந்து நிற்கிற ஒரு புத்தக அலமாரியை மதினி செய்து வைத்திருந்தார். அண்ணாச்சி ஒருநாள் வாடகை வாங்கப் போனவர், அதன் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

மதினியிடம் ஒரு குணம் இருந்தது. நீங்கள் எந்த வேலையைப் பற்றிச் சொன்னாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எங்கன வச்சுச் செய்யப்போறிய?" எதற்குச் செய்கிறீர்கள், எப்படிச் செய்யப்போகிறீர்கள் என்று கேட்க மாட்டார். வேலைக்கு இடம் கொடுத்துவிட்டால் மீதி தானாக நடக்கும் என்பது அவர் நினைப்பு. நம் ஊரில் யார் இதைக் கேட்பார்கள்? நாம் எல்லோரும் தரையில் குந்தி உட்கார்ந்து, கட்டையைக் கால் பெருவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு அறுக்கிறவர்கள். காய்கறி நறுக்குவது தரையில், துணி மடிப்பது தரையில், மிக்சியைப் பிரிப்பதும் தரையில்.

மிக்சி என்றதும் ஞாபகம் வருகிறது. தெருவில் சைக்கிளில் வருகிற ரிப்பேர்காரர் ஒருவர் நம் வீட்டு மிக்சியை வாசலில் வைத்துப் பிரித்தார். ஸ்க்ரூக்களைத் துண்டு மேல் போட்டிருந்தார். ஒரு ஸ்க்ரூ உருண்டு வாறுகாலில் விழுந்தது. மேலேயிருந்து மதினியின் குரல் கேட்டது.

"யோவ் மிக்சிக்காரரே, சாக்கடைக்குப் பக்கத்துலயா ஆபரேசன் பண்ணுவிய? மேல தூக்கிட்டு வாரும்."

"மேல வந்தா எறங்கணும்லா தாயி. முட்டி வலிக்கி."

"குந்தி உக்காந்தா வலிக்காம என்ன செய்யும்? வாரும்வே மேல!"

அவர் மேலே போனார். நின்றபடியே வேலையை முடித்தார். அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு வந்தால் முதலில் மாடியைப் பார்த்து, "அம்மா இருக்காகளா?" என்று கேட்டுவிட்டுத்தான் சைக்கிளை நிறுத்துவார்.

பெரியவளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தேன். வராந்தாவில் இளையரசனேந்தல் பக்கத்து விவசாயி ஒருவர் சுவரில் தாளை வைத்து மனு எழுதிக்கொண்டிருந்தார். பேனா மேல்நோக்கி இருந்ததால் மை இறங்கவில்லை. உதறி உதறி எழுதுகிறார். உள்ளேயிருந்து ஏதோ கட்டோடு வெளியே வந்த மதினி நின்றுவிட்டார்.

"எங்கன வச்சு எழுதுதிய?"

"சுவத்துல வச்சுத்தாம்மா."

"சுவரு எழுதவா கட்டுனது?"

அந்த மனுஷன் பயந்துபோய்த் தாளைச் சுருட்டினார். ஆபீஸ் ஆள் ஒருவர் வந்து கேட்டால் நம் ஆட்கள் அப்படித்தான். மதினி உள்ளே போனார். இரண்டு ஸ்டூல், ஒரு நீளப் பலகை கொண்டுவந்து வராந்தாவின் ஓரத்தில் போட்டார். பலகையை உள்ளங்கையால் அழுத்தி ஆட்டிப் பார்த்தார். "இப்ப எழுதுங்க" என்றார். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டார். அன்றைக்கு நானும் அந்தப் பலகையில் வைத்துத்தான் எழுதினேன்.

இவ்வளவு சொல்கிறேனே, அப்படியென்றால் மதினி கேட்டதெல்லாம் கொடுக்கிற ஆள் என்று நினைப்பீர்கள். கொடுப்பார். கேஸ் தீர்ந்துவிட்டால் சிலிண்டரைக் கொடுப்பார். ஸ்கூட்டர் சாவியை யார் கேட்டாலும் கொடுப்பார். ஆனால் அந்தக் குதிரைகளை மட்டும் யாருக்கும் கொடுக்க மாட்டார். தெருவில் ஒரு கல்யாண வீட்டுக்காரர் காய் நறுக்கப் பலகை போட வேண்டுமென்று கேட்டதற்கு, முடியாது என்றுவிட்டார். "ரெண்டு கட்டைக்கு இம்புட்டுப் பவுசா!" என்று அவர் கோபித்துக்கொண்டு மாடி வீட்டுக்குப் பத்திரிகையே வைக்கவில்லை. மதினி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு முதல் ஆளாகப் போய் நின்றார். "குதிரையத்தான் தரமாட்டேன்னேன், வரமாட்டேன்னா சொன்னேன்?" என்றாராம்.

எனக்கும் அவர் மேல் ஒரு ராத்திரி முழுக்கக் கோபம் இருந்தது. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

சின்னவனே, நீ பிறந்தது ஆபரேஷனில். அதற்குப் பிறகு உன் அம்மாவுக்கு முதுகில் வலி. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, தரையில் உட்கார்ந்து குனிந்து வேலை பார்க்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவளுக்குத் தையல்தான் தொழில்; மிஷினில் ஸ்டூல் போட்டு உட்காரலாம், அதில் தொந்தரவு இல்லை. ஆனால் துணி வெட்டுவது? நம் வீடு ஒரு அறையும் ஒரு அடுப்படியும். ராத்திரி நாம் நாலு பேரும் படுத்தால் தரை தெரியாது. அதில் வெட்டுகிற மேஜைக்கு எங்கே போவது? கல்யாணமான நாளிலிருந்து உங்கள் அம்மா சிமெண்டுத் தரையில் துணியை விரித்து, ஒரு ஓரத்தைக் காலால் அமுக்கிக்கொண்டுதான் வெட்டியிருக்கிறாள்.

"வேற யாருகிட்டயாவது வெட்டி வாங்கித் தையேன்" என்றேன்.

"அடுத்தவ வெட்டுனதத் தைக்கவா நான் தொழில் படிச்சேன்?" என்றாள். 

பிறகு ஒரு புதன்கிழமை, நான் தறியிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போது சொன்னாள்.

"மிஷின விக்கச் சொல்லிட்டேன். கரிவலம்வந்தநல்லூர்ல ஒரு புள்ள தையல் படிச்சிட்டு மிஷினு தேடுதாம். ஞாயித்துக்கெழம வந்து தூக்கிட்டுப் போகும்."

நீங்கள் இன்றைக்கும் பார்க்கிற அதே மிஷின். அவளுடைய அப்பா சீராகக் கொடுத்தது. அதைத் துணி போட்டு மூடி வைத்திருந்தாள். மூடியதைப் பார்த்தபோதுதான் நிஜமாகவே விற்கப்போகிறாள் என்று தெரிந்தது. அதுவரைக்கும் ஏதோ கோபத்தில் சொல்கிறாள் என்று இருந்தேன்.

நேராக மாடிக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். "மதினி, உங்க குதிரை ரெண்டையும் பலகையையும் குடுங்க. வெட்டி முடிச்சதும் மடக்கிக் கொண்டுவந்து தந்திருதேன். தெனமும் நானே தூக்கிட்டு வாரேன்" என்றேன்.

"அது முடியாது கொழுந்தனாரே" என்றார்.

யோசிக்கக்கூட இல்லை. நான் நின்றேன். அவர் வேறு ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்து எதையோ தாளில் கிறுக்கிக்கொண்டிருந்தார். இறங்கி வந்துவிட்டேன். "கல்லு மனசு அந்தப் பொம்பளைக்கு" என்று உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அம்மா, "அவக மரத்தக் குடுக்கணும்னு என்ன தலையெழுத்தா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஆபீசுக்குப் புறப்பட்ட மதினி தோளில் பையோடு நம் வீட்டுக்குள் வந்தார். கையில் இஞ்சு டேப். என்னைப் பார்க்கவே இல்லை. அம்மாவிடம் போனார்.

"ஏட்டி, நீ தைக்கணுமா, வேண்டாமா? அதச் சொல்லு மொதல்ல. வேண்டாம்னா நான் டேப்பச் சுருட்டிட்டு ஆபீசுக்குப் போறேன். எனக்கு நேரமாகுது."

அம்மா சின்னவனை இடுப்பிலிருந்து இறக்கி என்னிடம் கொடுத்தாள். சுவரோரம் போய் நிமிர்ந்து நின்றாள்.

"செருப்பு போட்டுட்டா வெட்டுவ? இல்லல்லா? சரி, வெறுங்காலோட நில்லு. முழங்கைய மடக்கு. ம்." தரையிலிருந்து டேப்பை இழுத்தார். "மரம் அறுக்க மணிக்கட்டு ஒயரம் போதும். அழுத்தணும்லா. துணி வெட்ட அது காணாது. முழங்கைக்கு நாலு விரல் கீழ இருக்கணும். அப்பத்தான் குனிய வேண்டாம், தோளையும் தூக்க வேண்டாம்."

பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"என் குதிரை என் மணிக்கட்டுக்கு அடிச்சது. நான் குள்ளச்சி. உங்க வீட்டுக்காரி நெட்டச்சி. அதுல வச்சு வெட்டுனான்னா தரையில குனியுறதுக்குப் பதிலா நின்னு குனிவா. ஒரு மாசத்துல முதுகு ரெண்டா ஒடிஞ்சிரும். அதத்தான் கேட்டியளா?"

டேப்பில் விரல் வைத்திருந்த இடத்தைப் பார்த்துப் படித்தார்.

"முப்பத்தெட்டரை இஞ்சு. பலகை கனம் ஒண்ணேகால் போகும். முப்பத்தேழேகாலுக்கு அறுங்க. ரீப்பர் சட்டம் வாங்கிட்டு வாங்க, கீலு நாலு, ஸ்க்ரூ ஒரு பாக்கெட்டு. என் குதிரைய மேல மொட்டமாடியில விரிச்சி வைக்கேன். அதுல வச்சு உங்க குதிரையச் செய்யுங்க. நான் செஞ்சு தரமாட்டேன், சொல்லிட்டேன். நாளைக்கு ஒரு கால் ஆடுனா நீங்கதான சரிபண்ணணும்?"

கிறுக்கிக்கொண்டிருந்த தாளைக் கொடுத்தார். அதில் கால், சட்டம், கீல் எல்லாம் வரைந்திருந்தது, கால் உயரத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. புதன்கிழமை சாயங்காலம் என்னை நிற்க வைத்துக்கொண்டு வரைந்தது அதுதான்.

பலகைக்கு அண்ணாச்சியிடம் போனேன். குளியலறைக்கு பிளாஸ்டிக் கதவு போட்டபோது கழற்றின பழைய மரக்கதவு அவர் வீட்டுப் பின்பக்கம் கிடந்தது. "அடிப்பக்கம் ஊறிப்போயிருக்கு வே, அத வச்சு என்ன செய்வீரு?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "கொண்டு போரும். ஆனா சுவத்துல..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மறுமுனையைப் பிடித்து மாடிப்படியில் தூக்கியும் விட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மதினி ஆபீசிலிருந்து வந்ததும், கதவின் ஊறிப்போன அடிப்பக்கத்தை அறுத்து எடுக்க நின்றோம். நான் கதவை இரண்டு குதிரை மேலும் வைத்து, கோடு போட்ட இடம் நடுவில் வருகிற மாதிரி இழுத்தேன். இரண்டு பக்கமும் தாங்கல் இருந்தால் நல்லதுதானே என்று என் நினைப்பு. பாதி அறுத்ததும் ரம்பம் சிக்கிக்கொண்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை.

மதினி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். "இழுங்க, நல்லா இழுங்க" என்றார். நான் இழுத்தேன். "வரல மதினி." "வராது. நடுவுல வச்சு அறுத்தா பலகை உள்வாங்கி ரம்பத்தக் கவ்வும். வேண்டாத துண்டு குதிரைக்கு வெளிய தொங்கணும். தானா விழட்டும், விடுங்க."

முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "சொன்னா மறந்துருவிய" என்றார்.

சனிக்கிழமை அவர் கடையநல்லூரில் உடன் வேலை பார்க்கிறவர் வீட்டு நிக்காஹுக்குப் போய்விட்டார். நான் தறிக்கு லீவு சொல்லிவிட்டு மொட்டைமாடியில் நாள் முழுக்க நின்றேன். முதல்முறையாக நின்றுகொண்டே மரம் அறுத்தேன். எட்டு கால், நாலு மேல் சட்டம், குறுக்குக் கம்புகள். மத்தியானத்துக்குள் இரண்டு குதிரையும் எழுந்து நின்றுவிட்டன. எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்று இருந்தது. சரி, முழுசாக முடித்துவிட்டுக் காட்டுவோம் என்று மதினியின் ரசமட்டத்தை எடுத்து மேலே வைத்துப் பார்த்தேன். கண்ணாடிக்குள் இருக்கிற குமிழ் நடுவில் நிற்கவில்லை. ஒரு பக்கமாக ஓடியது.

அளவெல்லாம் சரியாகத்தான் எடுத்திருந்தேன். ஆனாலும் ரசமட்டம் பொய் சொல்லாது என்று, உயரமாகத் தெரிந்த பக்கத்துக் கால்களைக் கொஞ்சம் அறுத்தேன். போதவில்லை. இன்னும் கொஞ்சம் அறுத்தேன். குமிழ் நடுவில் வந்து நின்றது. இரண்டாவது குதிரையையும் அதே மாதிரி சரிசெய்தேன். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

இரண்டையும் கீழே கொண்டுவந்து, கதவைப் போட்டு, அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா வந்து பார்த்தாள். கையால் தடவினாள். கையில் இருந்த நூல்கண்டை அதன் மேல் வைத்தாள். நூல்கண்டு தானாக உருண்டது. உருண்டு, பலகையின் அந்த ஓரம் வரை போய், கீழே விழுந்தது. பெரியவளே, நீ கைதட்டினாய். "இன்னொருக்க, இன்னொருக்க!" என்று அதை எடுத்து எடுத்து வைத்தாய். நாலு தடவை வைத்தாய், நாலு தடவையும் விழுந்தது.

 அம்மா ஏதாவது திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். போய் மிஷினை மூடியிருந்த துணியை எடுத்து, ஈரத்துணியால் மிஷினைத் துடைக்க ஆரம்பித்தாள். வாங்க வருகிறவர்களுக்காகத் துடைக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

சாயங்காலம் மதினி பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தார். பலகையைப் பார்த்தார். குனிந்து கால்களைப் பார்த்தார். "எங்கன வச்சு ரசமட்டம் பாத்திய?" என்று கேட்டார்.

"மேல மொட்டமாடியிலதான்."

மதினி பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தார். எனக்கு அவமானமாக இருந்தது.

"கொழுந்தனாரே, மழ பெஞ்சா அங்க தண்ணி நிக்குமா?"

"நிக்காது. கொழாய் வழியா ஓடிரும்."

"எப்படி ஓடும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மொட்டைமாடி என்றாலே தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்துத்தானே தரை போடுகிறார்கள்! நான் அந்தச் சரிவுக்குத் தக்கன காலை அறுத்திருக்கிறேன். குதிரை மேலே இருந்தவரை சரி. சமதரைக்கு வந்ததும் கோணல்.

"இனி என்ன மதினி செய்ய? மத்தக் காலையும் அறுத்துச் சரிபண்ணவா?"

"ஐயய்யோ, ரம்பத்த எடுக்காதிய! அறுத்தா ஒயரம் போயிரும். அப்பொறம் எதுக்கு அளந்தோம்?" மூச்சு வாங்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். "ஏட்டி, மேல வந்து என் குதிரைக் கால பாரு. ஒட்டு வச்சிருக்குல்லா? எதுக்குன்னு நெனச்ச? மொதமொதல்ல தூத்துக்குடியில வாடகை வீட்டு மொட்டமாடியிலதான் நானும் அடிச்சேன். இதே கூத்து. உன் வீட்டுக்காரரு அரை இஞ்சோட நிறுத்திட்டாரு. நான் ஒண்ணேகால் இஞ்சு அறுத்தேன்."

மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அறுத்த கால்களுக்கு அரை இஞ்சு பிளைவுட் துண்டு வைத்து, பசை போட்டு ஸ்க்ரூ முடுக்கினேன். இந்தத் தடவை வீட்டுக்குள்ளேயே வைத்து ரசமட்டம் பார்த்தேன். அம்மா நூல்கண்டை வைத்தாள். நின்றது. விரலால் லேசாகத் தட்டினாள். அசைந்துவிட்டு மறுபடி நின்றது.

இதற்கு இரண்டு வருடம் கழித்து மதினிக்கு மாற்றல் வந்தது, ராமநாதபுரம் பக்கம். லாரியில் கடைசியாக ஏற்றியது குதிரைகளை. அங்கே போய் இறங்கியதும் முதலில் எடுக்க வேண்டுமாம். தீபாவளிக்குத் தீபாவளி போன் செய்வார். வீட்டில் என்ன ஆடுகிறது, எது உரசுகிறது என்றுதான் விசாரிப்பார். உடம்பைப் பற்றி அதற்குப் பிறகுதான் கேட்பார். ஆனால் நான் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லி முடிக்க வேண்டும்.

மேஜை நின்றுவிட்டது. ஆனால் அம்மாவுக்குக் கை வரவில்லை. மதினி தன்னுடைய ஜாக்கெட் துணி ஒன்றையும் அளவு ஜாக்கெட்டையும் கொண்டுவந்து, "வெட்டு, பாப்போம்" என்று போட்டிருந்தார். அம்மா துணியை விரித்தாள். சாக்கட்டியால் கோடு போட்டாள். கத்திரியைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"நின்னுக்கிட்டு வெட்டி வழக்கமில்லக்கா. துணி ஓடுது."

நான் அவள் காலைப் பார்த்தேன். வலது கால் பெருவிரல் தரையில் எதையோ அமுக்கப் பார்த்தது. அத்தனை வருடம் துணியைப் பிடித்துக் கொடுத்த கால். அதற்கு இப்போது வேலை இல்லை. அது தெரியாமல் தேடிக்கொண்டிருந்தது.

மதினியும் அதைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.  அம்மா சுற்றிலும் பார்த்தாள். அலமாரிக்கு அடியிலிருந்த இஸ்திரிப் பெட்டியை எடுத்துவரச் சொன்னாள். அதைத் துணியின் ஓரத்தில் பாரம் வைத்தாள். இந்தப் பக்கம் மிளகாய் டப்பாவை வைத்தாள். துணி நின்றது. துணியில் கத்திரியை வைத்தாள். க்ரிச்சென்று ஒரே ஓட்டமாக முதுகுப் பகுதி வெட்டி வந்தது. குனியவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் சுளிக்கவும் இல்லை.

பத்து மணி இருக்கும். வாசலில் பைக் வந்து நின்றது. பின்னால் ஒரு லோடு ஆட்டோ. இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தியும் அவளுடைய அண்ணனும். "மிஷினு குடுக்க வீடு இதானே?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்கள். மிஷின் துடைத்து வைத்தபடி பளபளவென்று இருந்தது. அந்தப் பெண் நேராக அதன் பக்கத்தில் போய்ச் சக்கரத்தில் கை வைத்துவிட்டாள்.

 அம்மா முடிவு சொல்லவே இல்லை. நானும் கேட்டிருக்கவில்லை. கேட்டு, விற்கத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

"ஓட்டிப் பாக்கலாமாக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

அம்மா தலை நிமிரவில்லை. "ஒரு நிமிசம் இருங்க. கழுத்து வெட்டிட்டு இருக்கேன்" என்றாள். கழுத்து வளைவைச் சுற்றிக் கத்திரி மெதுவாகப் போனது. வெட்டி முடித்து, துண்டை எடுத்து உதறி, அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

"மிஷினு குடுக்கலம்மா. இவ்வளவு தூரம் அலைய வச்சிட்டேன், மன்னிச்சிரு."

அண்ணன்காரனுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னக்கா இது, வெளயாட்டா? போன்ல சரின்னிய. லோடு ஆட்டோவக் கூட்டிட்டு வந்திருக்கோம்!"

"தப்புதான் தம்பி. அன்னைக்குத் தரையில உக்காந்து வெட்ட முடியலன்னு விக்கலாம்னு இருந்தேன். இன்னைக்கு நின்னு வெட்டுதேன். ரெண்டு பேரும் காப்பி குடிங்க. வெயில்ல வந்திருக்கிய."

"காப்பி குடிக்கவா வந்தோம்?" என்று அவன் வாசலுக்குப் போய் ஆட்டோக்காரரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பெண் போகவில்லை. மிஷினை விட்டுவிட்டு மேஜைப் பக்கம் வந்து நின்றாள். பலகையை உள்ளங்கையால் அழுத்தினாள். குனிந்து அடியில் பார்த்தாள்.

"மடக்கிரலாமாக்கா?"

"மடக்கிரலாம். ராத்திரி மடக்கி வச்சிட்டுத்தான் படுக்கணும். வேற எடம் ஏது?"

"எங்க வீட்டுலயும் ஒரே ரூம்புதான். தையக் கிளாசுல தரையில உக்கார வச்சுத்தான் வெட்டச் சொல்லிக் குடுத்தாவ. இப்பமே எனக்கு இடுப்பு புடிக்குது" என்றாள் அந்தப் பெண்.

மதினி இத்தனை நேரமும் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், இடுப்பிலிருந்து டேப்பை எடுத்தார். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு போய், "நேரா நில்லும்மா. முழங்கைய மடக்கு" என்றார். டேப்பைத் தரையில் மிதித்துக்கொண்டு மேலே இழுத்தார்.

மேஜை மேல் நிழல் விழுந்தது. அம்மா அடுத்து கைப் பகுதிக்குத் துணியை மடித்துப் போட்டிருந்தாள்.

"யக்கா," என்றாள் அம்மா, கத்திரியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அளக்குறதா இருந்தா வெளிய போய் அளங்க. வெளிச்சத்த மறைக்கிய."

மதினிக்கு எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் எங்கேயோ பார்த்தேன். "சரித்தா" என்று சொல்லிவிட்டு, டேப்பையும் அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு படி இறங்கித் தெருவுக்குப் போனார். துணி மேல் மறுபடி வெயில் வந்தது. அம்மா இஸ்திரிப் பெட்டியை ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டு வெட்ட ஆரம்பித்தாள்.